ஹன்னா, அன்னாள், அன்னம்மாள்: மூன்றும் ஒரே பெயர்தான்

பெண் குழந்தைக்கு ஹன்னா என்று பெயர் வைத்தவர்களிடம் கேட்டால் "பைபிள் பெயர்" என்பார்கள். சரி, பைபிளில் எங்கே வருகிறது என்று, நம் சபைகளில் பல தலைமுறைகளாக வாசிக்கிற தமிழ் வேதாகமத்தை எடுத்துத் தேடினால் ஹன்னா என்று ஒருத்தியும் கிடைக்கமாட்டாள். அங்கே அவள் பெயர் அன்னாள். கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் அன்னா. அதே வீட்டுப் பாட்டியின் பெயர் அன்னம்மாளாக இருக்கலாம், பேத்தி ஹன்னாவாக இருக்கலாம், இரண்டும் ஒரே பெயர் என்று இருவருக்குமே தெரியாமலும் இருக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றித்தான். பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, நடுவில் அந்த "ஹ" எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது, எப்போது உலகம் முழுக்கப் பிரபலமானது என்று முதலிலிருந்து பார்க்கலாம். மூலம் யூதர்களின் பழைய மொழியான எபிரேயம், ஆனால் அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் அந்தப் பெண்

கதை சாமுவேலின் முதல் புத்தகத்தில், முதல் அதிகாரத்திலேயே தொடங்குகிறது. எப்பிராயீம் மலைநாட்டில் எல்க்கானா என்று ஒருவர். அவருக்கு இரண்டு மனைவிகள், அன்னாள், பெனின்னாள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. குடும்பத்தோடு ஆண்டுதோறும் சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போய்ப் பலி செலுத்துவது வழக்கம். போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்திக் காட்டுவாள், அன்னாள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பாள். கணவர் வந்து, "ஏன் அழுகிறாய், பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா?" என்று கேட்பார். அவருக்குப் பாசம் இருக்கிறது, ஆனால் விஷயம் புரியவில்லை. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

ஒருநாள் அவள் தனியாக எழுந்து போய் ஆலயத்தில் ஜெபம் செய்கிறாள். ஒரு மகன் பிறந்தால் அவனை உமக்கே கொடுத்துவிடுவேன் என்று நேர்ந்துகொள்கிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் வெளியே வரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஆசாரியர் ஏலி அதைப் பார்த்துவிட்டு அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டுகிறார். அவள் பணிவாகத்தான் பதில் சொல்கிறாள், ஆனால் நேராகச் சொல்கிறாள்: நான் குடிக்கவில்லை, மனம் நொந்து என் இதயத்தைக் கடவுள் முன்னால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பிறகு சாமுவேல் பிறக்கிறான். பால் மறந்ததும் சொன்னபடியே சீலோவில் கொண்டுபோய் விடுகிறாள், ஒவ்வொரு ஆண்டும் ஒரு சின்ன மேலங்கி தைத்து எடுத்துப் போகிறாள். பிள்ளை வளர வளர அங்கியின் அளவும் மாறியிருக்குமல்லவா, அதை வேதாகமம் சொல்லவில்லை, நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

யூத மரபில் இந்தப் பெண்ணுக்குப் பெரிய இடம் உண்டு. எப்படி ஜெபிக்க வேண்டும் என்பதற்கான விதிகளையே, யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூது இவளிடமிருந்துதான் எடுக்கிறது: மனம் ஒன்றவேண்டும், உதடு அசையவேண்டும், குரல் உயரக்கூடாது. இன்றும் யூதர்கள் நின்றபடி சொல்லும் முக்கியமான ஜெபத்தை உதட்டசைவோடு மெதுவாகச் சொல்வது இந்த அன்னாளைப் பின்பற்றித்தான். குடித்திருக்கிறாள் என்று ஒரு பூசாரி திட்டிய அதே செயல்தான் பிற்காலத்தில் முறையாக ஆகிவிட்டது! அப்புறம், யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஜெபஆலயங்களில் வாசிக்கப்படுவதும் இவளுடைய கதைதான். தல்மூது கணக்கிடும் ஏழு தீர்க்கதரிசினிகளில் சாராள், மிரியாம், தெபொராள், எஸ்தர் வரிசையில் இவளும் இருக்கிறாள்.

பொருள்: "நளினம்" அல்ல

குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் பலவற்றில் ஹன்னாவுக்கு நேராக "நளினமானவள்" என்றோ "அழகிய நடையுடையவள்" என்றோ போட்டிருப்பார்கள். இது ஆங்கிலத்தின் கிரேஸ் என்ற சொல்லால் வந்த குழப்பம். அந்த ஒரே சொல் ஆங்கிலத்தில் நடனக்காரியின் நளினத்துக்கும் வரும், கடவுளின் அருளுக்கும் வரும். பட்டியல் போட்டவர்கள் எபிரேயத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தைப் பார்த்து, அதிலும் தவறான பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைக்கும். ஹன்னாவின் வேர் ஹெத், நூன், நூன். அதாவது ஹ், ன், ன். இதற்கு அடிப்படைப் பொருள், கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத ஒருவர், மனமிரங்கிக் கொடுப்பது. தகுதிக்குக் கிடைப்பது சம்பளம். அப்படி இல்லாமல் கிடைப்பது இது. தமிழில் இதற்கு அருள் என்று கச்சிதமான சொல் இருக்கிறது, பேச்சுவழக்கில் தயவு, வேதாகமத் தமிழில் கிருபை.

இந்த வேரிலிருந்து வரும் "ஹேன்" என்ற பெயர்ச்சொல் எபிரேய வேதாகமத்தில் பெரும்பாலும் ஒருவருடைய கண்களோடு சேர்ந்தே வரும். "கர்த்தருடைய கண்களில் நோவாவுக்குக் கிருபை கிடைத்தது" என்ற வாக்கியத்தில் இருப்பது இந்த ஹேன்தான். (நோவாவின் பெயரில் இரண்டே எழுத்து, அவற்றைத் திருப்பிப் போட்டால் ஹேன் வரும். எபிரேயர்களுக்கு இப்படிப்பட்ட எழுத்து விளையாட்டு மிகவும் பிடிக்கும்.) நம் அன்னாளும் ஏலியிடம் விடைபெறும்போது, உம்முடைய கண்களில் எனக்குத் தயவு கிடைக்கட்டும் என்கிறாள். எபிரேயத்தில் படிப்பவருக்கு அங்கே ஹன்னா ஹேன் கேட்கிறாள் என்று காதில் விழும். அருளாயி என்று பெயர் கொண்ட ஒருத்தி அருள் கேட்பதுபோல. மொழிபெயர்ப்பில் இந்த ஓசை தொலைந்துவிடுகிறது.

சரி, அழகு என்ற பொருள் அறவே இல்லையா என்றால், ஓரமாக இருக்கிறது. ஹேன் என்பதற்குப் பார்ப்பவர் மனதைக் கவரும் வசீகரம் என்றும் ஒரு பொருள் உண்டு. "சௌந்தரியம் வஞ்சனையுள்ளது" என்று நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் இடத்தில் மூலத்தில் இருப்பது இதே சொல். ஆனாலும் பெயராக வைக்கும்போது முன்னால் நிற்பது அருள்தான்.

இந்த வேர் ஏதோ பழைய ஏட்டில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். இன்றைய இஸ்ரேலில் ஒரு பொருள் இலவசம் என்றால் "ஹினாம்" என்பார்கள். இதே வேர், ஏனென்றால் விலை வாங்காமல் கொடுப்பது. (நம் இனாம் அரபியிலிருந்து வந்த வேறு சொல், ஓசை மட்டும்தான் ஒற்றுமை.) சிறைக் கைதிக்கு நாட்டின் குடியரசுத் தலைவர் தரும் மன்னிப்புக்கு "ஹனினா" என்று பெயர். ஆக, தெருக்கடையிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை அந்த வேர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

சொந்தக்காரர்கள் பட்டியல் ஆச்சரியமானது

இதே வேரோடு கடவுளின் பெயரைச் சேர்த்தால் யோஹனான் என்ற ஆண் பெயர் வரும். கர்த்தர் அருளினார் என்று பொருள். அது கிரேக்கத்தில் யோவான்னெஸ் ஆகி, ஆங்கிலத்தில் ஜான், ஜெர்மனில் ஹான்ஸ், ரஷ்யனில் இவான், ஸ்பானிஷில் ஹுவான் என்று உலகத்தில் பாதிப் பேருக்குப் பெயராகிவிட்டது. ஹன்னாவும் ஜானும் அண்ணன் தங்கை மாதிரி.

இதில் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் யோவானுக்கு அருளப்பர் என்று பெயர். சிறுவயதில் கோயிலில் "அருளப்பர் எழுதிய நற்செய்தி" என்று கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது வெறும் மரியாதைப் பெயர் அல்ல, யோஹனான் என்பதன் நேரான மொழிபெயர்ப்பு. ஓரியூரில் 1693இல் தலைவெட்டிக் கொல்லப்பட்ட போர்த்துக்கீசியத் துறவி ஜான் டி பிரிட்டோவை அருளானந்தர் என்று அழைத்ததும் இதே வழியில்தான். யோவானின் பெயரை ஓசையாக எடுத்துக்கொள்ளாமல் பொருளாக எடுத்துக்கொண்ட மொழிகள் அதிகம் இருக்காது. ஆனால் அதே ஆட்கள் ஹன்னாவுக்கு மட்டும் ஓசையைப் பிடித்துக்கொண்டார்கள், அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

இன்னொரு சொந்தக்காரர் ஹன்னிபால். கிமு 218இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமை நடுங்கவைத்த, வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி. கார்த்தேஜ்காரர்கள் பேசிய பியூனிக் மொழி எபிரேயத்துக்கு நெருங்கிய உறவு. அவர்களுடைய கடவுள் பாகால். ஹன்னிபால் என்றால் பாகால் அருளினார். வேதாகமத்தின் தீர்க்கதரிசிகள் பாகாலை ஓயாமல் திட்டுவார்கள், ஆனால் பெயர் வைக்கும் முறை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அரபியில் ஹனான் என்று ஒரு பெண் பெயர் உண்டு, பரிவு, கனிவு என்று பொருள். அதுவும் இதே குடும்பம். ஆனால் அரபியில் ஹனா என்று கேட்டால் கவனம் தேவை. மகிழ்ச்சி என்று பொருள்படும் அந்த ஹனாவின் முதலெழுத்தே வேறு, வேரும் வேறு. ஜப்பானில் ஹனா என்றால் பூ, கொரிய மொழியில் ஹனா என்றால் ஒன்று. இவையெல்லாம் தற்செயல். ஆனால் இந்தத் தற்செயல்தான் கலப்புத் திருமணக் குடும்பங்களுக்கு வசதியாக இருக்கிறது, இரண்டு பக்கத்துப் பாட்டிகளுக்கும் வாயில் நுழையும், இரண்டு பக்கமும் நல்ல பொருள் வரும்.

யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கும் ஹன்னாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஹனுக்கா என்றால் அர்ப்பணிப்பு, வேர் ஹ், ன், க். குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது: யூதர்கள் கிரேக்க ஆட்சியை எதிர்த்துப் போராடிய மக்கபேயர் காலத்தில் ஏழு மகன்களையும் கண்முன்னே கொல்லக் கொடுத்த ஒரு தாயின் கதை உண்டு. மூலத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. பிற்கால யூத மரபு அவளுக்கு ஹன்னா என்று பெயர் வைத்துவிட்டது. அந்தக் கதையை ஹனுக்கா சமயத்தில் சொல்வார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை. எபிரேயத்தில் உயிர்க்குறிகள் போடாமல் ஹன்னா என்று எழுதினால் ஹெத், நூன், ஹே என்ற மூன்று எழுத்துகள்தான் வரும், அவற்றைப் பெயர் என்றும் படிக்கலாம், "வண்டியை நிறுத்தினான்" என்றும் படிக்கலாம். பழைய காலத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு இருந்த வினைச்சொல், இப்போது காரை நிறுத்துவதற்கு வந்துவிட்டது. வேர் வேறு, எழுத்து ஒன்று.

அந்த "ஹ" எங்கே போனது?

எபிரேயத்தில் முதலெழுத்து ஹெத். நம் ஹகரம்போல லேசான காற்று அல்ல அது. பழைய உச்சரிப்பில் தொண்டையின் அடியிலிருந்து வரும், இன்றைய இஸ்ரேலியர் பெரும்பாலும் தொண்டையைச் செருமுவதுபோல உச்சரிப்பார்கள், "க்ஹனா" என்பதுபோல. அதனால்தான் ஆங்கிலத்தில் சிலர் அதைச் சி, ஹெச் போட்டு எழுதுகிறார்கள். அதைப் பார்த்துத் தமிழில் "சனா" என்று எழுதிவிடாதீர்கள், கொண்டைக்கடலை ஆகிவிடும்.

கிமு 3ஆம் நூற்றாண்டில் தொடங்கி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்களின் வேதம் கிரேக்கத்துக்கு வந்தது. கிரேக்கர்களிடம் இந்தத் தொண்டை ஒலி இல்லை, அதை எழுத எழுத்தும் இல்லை. ஆகவே ஹன்னா அன்னா ஆனாள். இதில் ஒரு முரண் உண்டு. கிரேக்கர்கள் தங்கள் எழுத்துகளைக் கடன் வாங்கியதே எபிரேயத்தின் அண்டை மொழியான பீனீசியத்திலிருந்துதான், அந்தக் கடனில் ஹெத் எழுத்தும் வந்தது. ஆனால் அயோனியக் கிரேக்கர்களுக்கு ஹகரம் வாயில் வராததால் அந்த எழுத்தை நெடில் "ஏ" ஒலிக்கு வைத்துக்கொண்டார்கள். மேற்குப் பக்கக் கிரேக்கர்கள் ஹகரமாகவே வைத்திருந்தார்கள், அவர்களிடமிருந்து இத்தாலியின் பழைய இனமான எத்ருஸ்கர் வழியாக ரோமர்களுக்குப் போய், இன்றைய ஆங்கில ஹெச் ஆனது. அதாவது இன்று ஆங்கிலத்தில் ஹன்னா என்று எழுதும்போது முதலில் போடும் எழுத்து, எபிரேயத்தில் அந்தப் பெயருக்கு முதலில் போடும் எழுத்தின் நேர் வாரிசு. சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது.

லத்தீன் வேதாகமமும் அன்னா என்றே எடுத்துக்கொண்டது. லத்தீன்தான் மேற்கு ஐரோப்பா முழுமைக்கும் வேத மொழியாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்தது, கிழக்கே கிரேக்க வழியாகப் போனதும் அன்னாதான், ஆகவே ஐரோப்பா முழுக்க அன்னா, ஆன், ஆனா. ரஷ்யாவில் செல்லமாக அன்னுஷ்கா, ஸ்பெயினில் அனிதா, அதாவது குட்டி அன்னா. (நம்மூர் அனிதாக்கள் எல்லோரும் இப்படி வந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.)

ஆனால் அன்னா ஐரோப்பாவில் பிரபலமானதற்குச் சாமுவேலின் தாய் காரணம் அல்ல, இயேசுவின் பாட்டி காரணம். மரியாளின் தாய் யார் என்று நற்செய்திகள் சொல்வதில்லை. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, வேதாகமத்தில் சேர்க்கப்படாத ஒரு நூல் அவருக்கு அன்னா என்றும் கணவருக்குச் சுவக்கீன் என்றும் பெயர் சொல்கிறது. பிள்ளையில்லாத தம்பதி, நேர்ச்சை, பிறந்த பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுப்பது என்று கதையும் பழைய அன்னாளின் கதையை அப்படியே ஒட்டிப் போகிறது. பெயரை மட்டும் வேறு எங்கிருந்து எடுத்திருப்பார்கள்? இஸ்லாமிய மரபிலும் இவர் உண்டு. குர்ஆன் மர்யமின் தாயை இம்ரானின் மனைவி என்று மட்டும் சொல்கிறது, விரிவுரையாளர்கள் ஹன்னா என்று பெயர் சொல்கிறார்கள். அங்கே ஹகரம் போகவில்லை, ஏனென்றால் அரபியில் அந்தத் தொண்டை ஒலி பத்திரமாக இருக்கிறது.

இந்தப் பாட்டிதான் நம் புனித அன்னம்மாள். திருநாள் ஜூலை 26. இலங்கையில் புத்தளம் மாவட்டம், கற்பிட்டிப் பக்கம் தலவில என்ற கடற்கரையில் அவருக்கு ஆலயம் இருக்கிறது. மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் நடக்கும் திருவிழாக்களுக்குத் தமிழர், சிங்களவர் என்று பாராமல் கூட்டம் கூடும். அருளப்பரைப்போல இவரை அருளம்மாள் ஆக்காமல் ஏன் அன்னம்மாள் ஆக்கினார்கள் என்று மேலே கேட்டேன் இல்லையா, என் ஊகம் இதுதான்: அன்னா தமிழுக்கு வரும்போதே பாதி தமிழாக இருந்தது. அன்னை என்கிறோம், அன்னம் என்கிறோம். மாதாவுக்கே மாதா, அவருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைப்பது? சொற்பிறப்பியலின்படி எந்த உறவும் கிடையாது, ஆனால் காதுக்கு உறவாகப் பட்டால் போதும், பெயர் ஒட்டிக்கொள்ளும்.

சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமம் வேறு வழியில் போனது. சாராள், மரியாள், மார்த்தாள், தெபொராள் என்று பெண் பெயர்களுக்கு ஆள் விகுதி போடுவது அதன் பழக்கம், அதனால் அன்னாள். லூக்கா நற்செய்தியில் குழந்தை இயேசுவைக் கோயிலில் பார்க்கும் வயதான தீர்க்கதரிசிக்கும் இதே அன்னாள்தான்.

திரும்பி வந்த ஹகரம்

1505 ஜூலை 2. ஜெர்மனியில் ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் இடிமின்னலில் மாட்டிக்கொண்ட ஒரு சட்ட மாணவர், "புனித அன்னம்மாளே காப்பாற்று, நான் துறவியாகிவிடுகிறேன்" என்று கத்தினார். அவர் மார்ட்டின் லூதர். அப்பா சுரங்கத் தொழிலில் இருந்தவர், சுரங்கக்காரர்களுக்கு அன்னம்மாள்தான் பாதுகாவலி, அதனால் பயத்தில் வாயில் வந்த பெயர் அது. பின்னால் அதே லூதர் புனிதர் வழிபாட்டையே எதிர்த்தார், பழைய ஏற்பாட்டை லத்தீனிலிருந்து அல்லாமல் எபிரேயத்திலிருந்தே ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். அதில் சாமுவேலின் தாய் ஹன்னா. லூக்காவின் கிழவியும் ஹன்னாதான்.

ஆங்கிலத்தில் அப்படி நடக்கவில்லை. 1611இல் வந்த புகழ்பெற்ற ஆங்கில வேதாகமம் பழைய ஏற்பாட்டில் எபிரேயத்தைப் பார்த்து ஹன்னா என்றும், புதிய ஏற்பாட்டில் கிரேக்கத்தைப் பார்த்து அன்னா என்றும் போட்டது. அதனால் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இவை இரண்டு தனிப்பெயர்கள். புனிதர் பெயர்கள் வேண்டாம், வேதத்திலிருந்து நேரடியாக எடுப்போம் என்றிருந்த பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்தின் கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், ஹன்னாவை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். கிரேஸ் என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கும் பழக்கமும் அவர்களுடையதுதான், ஒரே பொருளில் இரண்டு பெயர்கள் ஒரே கப்பலில்.

அதன்பின் அமெரிக்காவில் ஹன்னாவின் வரைபடம் ஒரு பள்ளத்தாக்குபோல இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் நன்றாக இருந்தது, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பாட்டி பெயராகிப் பல நூறாவது இடத்துக்குப் போய்விட்டது. 1970களில் பழைய வேதப் பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்தபோது சாரா, ரேச்சல், ரெபேக்கா முன்னால் போக, இது பின்னால் வந்தது. 1998, 1999, 2000 மூன்று ஆண்டுகளும் அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறைப் பட்டியலில் இரண்டாம் இடம். மூன்று முறையும் எமிலி முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை, பிறகும் ஹன்னா அங்கே முதலிடத்துக்கு வரவே இல்லை. டிஸ்னி தொலைக்காட்சியின் ஹன்னா மொன்டானா தொடரால்தான் இந்தப் பெயர் பிரபலமானது என்று சொல்பவர்கள் உண்டு, தேதி பொருந்தவில்லை: அந்தத் தொடர் 2006இல் தொடங்கியது, பெயர் அதற்கு முன்பே உச்சியைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது.

இந்த மாதிரிப் பட்டியல்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்கப் பட்டியல் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப்பெயராக எண்ணும். கடைசியில் ஹெச் போட்ட ஹன்னா வேறு, போடாத ஹன்னா வேறு, ஒற்றை என் போட்டது வேறு. ஜெர்மன் மொழிச் சங்கத்தின் பட்டியலோ ஒரே மாதிரி ஒலிப்பவற்றைச் சேர்த்து எண்ணும். அங்கே ஹன்னா இந்த நூற்றாண்டில் உச்சியிலோ உச்சிக்குப் பக்கத்திலோ தொடர்ந்து இருந்துவருகிறது. ஆகவே ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆங்கிலத்தில் ஹெச் போட்டு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கவர்ச்சி, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே பெயர் வரும். எபிரேயத்தில் அந்த வித்தை கிடையாது.

இஸ்ரேலில் நிலைமை தலைகீழ். அங்கே ஹன்னா என்றால் பாட்டி ஞாபகம்தான் வரும். இளம் பெற்றோர் நோவா (மேலே வந்த ஆண் நோவா அல்ல, வேறொரு பெண் பெயர்), தாமார், மாயா, அவிகாயில் என்று போய்விட்டார்கள். ஆனாலும் பெயர் அழியாது, ஏனென்றால் ஐரோப்பிய வழி யூதர்களிடம் இறந்துபோன உறவினர் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் உண்டு. ஹன்னாப் பாட்டி போனால் வீட்டில் எங்கோ ஒரு ஹன்னா பிறப்பாள், குறிப்பாக மதப்பற்றுள்ள குடும்பங்களில். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் நடப்பது இதற்குக் கண்ணாடிப் பிம்பம்: பாட்டி அன்னம்மாள், அத்தை ஆன்சி, பேத்தி ஹன்னா.

இந்தப் பெயர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வருவதை ஆட்களிடமும் பார்க்கலாம். சர்வாதிகாரத்தைப் பற்றி யோசித்த எல்லோரும் படிக்கும் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட், 1906இல் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் யோஹன்னா. யோஹனானின் பெண்பால். அதைச் சுருக்கினால் ஹன்னா, வேரும் அதேதான் என்பதால் சுருக்கியதில் பொருள் எதுவும் கெடவில்லை. கவிஞர் ஹன்னா செனெஷ் 1921இல் புடாபெஸ்ட்டில் பிறந்தபோது அனிகோ, அதாவது ஹங்கேரியில் குட்டி அன்னா. 1939இல் பாலஸ்தீனத்துக்குப் போய் ஹன்னா ஆனார். 1944இல் பிரிட்டிஷ் படை அவரை யூகோஸ்லாவியாவில் பாராசூட்டில் இறக்கியது, ஹங்கேரி எல்லையைத் தாண்டும்போது பிடிபட்டார், அந்த நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 23.

ஆம்ஸ்டர்டாமில் இரண்டு சிறுமிகள் ஒரே பள்ளியில் படித்தார்கள், இருவரும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒருத்தி ஆன் ஃபிராங்க். இன்னொருத்தி ஹன்னா கோஸ்லார், ஆன் அவளை ஹன்னெலி என்று கூப்பிடுவாள். ஒருத்தி கிரேக்க வழியில் வந்த பெயர், ஒருத்தி எபிரேய வழியில் வந்த அதே பெயர். 1942இல் ஆனின் குடும்பம் தலைமறைவானது, சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள் என்று ஹன்னெலி நினைத்துக்கொண்டிருந்தாள். 1945 பிப்ரவரியில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில், வைக்கோல் அடைத்த முள்வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. முகம் தெரியவில்லை, குரல் மட்டும். ஹன்னெலி தன்னிடம் இருந்த கொஞ்சம் உணவைச் சுருட்டி வேலிக்கு மேலே வீசினாள், அதை வேறொரு பெண் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள், ஆன் அழும் சத்தம் கேட்டது. இன்னொரு நாள் இரவு மறுபடி வீசினாள். இந்த முறை ஆன் பிடித்துவிட்டாள். அதற்குச் சில வாரங்களுக்குள் ஆன் இறந்துபோனாள். ஹன்னா கோஸ்லார் எருசலேமில் செவிலியாக வேலை பார்த்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் கண்டு, 2022 அக்டோபரில் 93ஆம் வயதில் இறந்தார்.